ரேஸ் கொடுத்தாலும் மாறாத சத்தம்

இதைப் படித்துவிட்டு, கதை விடுகிறான் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் தாராளமாகப் பிதுக்கிக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடந்தது நடந்ததுதான். இதில் சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இன்றைக்கும் ராஜபாளையத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவர் பேட்டரிக் கடைக்காரர். அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். அவரிடம் நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் அவர் சொன்ன மணிக்கணக்கு ஒரு நிமிஷம்கூட மாறவில்லை. பொய் சொல்கிறவனுக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது. இன்னொருவர் மெக்கானிக். அவர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஒரே ஒரு நாள் திறந்தார். அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான்.

மெக்கானிக்கின் பெயர் சோலைராஜ். வயது நாற்பத்தெட்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப். புது வண்டிகள் அங்கே வருவதில்லை. அதற்கெல்லாம் கம்ப்யூட்டரை மாட்டிக் கோளாறு கண்டுபிடிக்கிற இடங்கள் இருக்கின்றன. இவரிடம் வருவதெல்லாம் பழசு. பத்மினி, அம்பாசடர், கட்டை ஜீப். கம்ப்யூட்டருக்குப் பதிலாக இவரிடம் இருப்பது முக்கால் முழ நீளத்துக்கு ஒரு திருப்புளி. அதன் நுனியை ஓடுகிற என்ஜின் மேல் வைப்பார். கைப்பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக்கொள்வார். கண்ணை மூடுவார். "மூணாவது சிலிண்டர்" என்பார். பிரித்துப் பார்த்தால் கோளாறு மூணாவது சிலிண்டரில்தான் இருக்கும்.

அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வண்டியில் சத்தம் வந்தால் சீக்கு. சத்தம் நின்றால் குணம். கையில் எடுத்த வண்டியின் சத்தம் நிற்காமல் அவர் டீ கூடக் குடிக்கமாட்டார். இருபத்தாறு வருஷமாக அந்தக் கொள்கையில் அவர் தோற்றதில்லை. கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பையெல்லாம் இப்போது பார்க்க முடியாது.

போன புரட்டாசி. புதன்கிழமை. காலை ஒன்பது மணி பத்து நிமிஷம்.

வெள்ளைப் பத்மினி ஒன்று தயங்கித் தயங்கி உள்ளே வந்து நின்றது. எண்பத்தொன்பதாம் வருஷத்து வண்டி. ஆனால் மாப்பிள்ளை மாதிரி வைத்திருந்தார்கள். ஓட்டி வந்தவன் தாமோதர். ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருக்கிற ஜகந்நாதனின் மகன்.

"அண்ணாச்சி, என்ஜின்ல டிக் டிக்குன்னு ஒரு சத்தம் வருது. நாளைக்குக் காலையில வண்டி மதுரைக்குப் போகணும். அப்பாவக் கூட்டிட்டு வரணும்."

ஜகந்நாதனுக்கு மதுரை ஆஸ்பத்திரியில் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தது. தேறிவிட்டார். மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் மனுஷர் ஒற்றைக்காலில் நிற்கிறாராம். வாடகை வண்டியில் ஏறமாட்டாராம். அவருடைய பத்மினி வாசலில் வந்து நின்றால்தான் கட்டிலை விட்டு இறங்குவாராம். அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து டிரைவர் சீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. பெற்ற மகன்கூட உட்கார்ந்ததில்லை. அன்றைக்குத்தான் தாமோதர் முதல்முதலாக அதன் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறான்.

"இந்தச் சத்தம் அவிய காதுல விழக்கூடாது அண்ணாச்சி. வண்டிய என்னமோ பண்ணிட்டோம்னு பதறிருவாவ. பதறவே கூடாதுன்னு டாக்டர் கண்டிசனாச் சொல்லியிருக்காரு. உசுருக்கே ஆபத்துங்காரு."

"சாயங்காலம் நானே வண்டிய வீட்டுல கொண்டாந்து விடுதேன். சத்தம் இருக்காது. நீ நிம்மதியாப் போ."

சொல்லிவிட்டார். சொன்ன வாக்குக்காகத்தான் அன்றைக்கு அந்தப் பாடுபட்டார்.

ஸ்டார்ட் செய்து காது கொடுத்தார். டிக்... டிக்... டிக்... கேட்டதுமே, இது டேப்பட் என்று முடிவு செய்துவிட்டார். என்ஜின் தலையில் இரும்பும் இரும்பும் தட்டுகிற இடத்தில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். அது கூடிப்போனால் இப்படித்தான் டிக் டிக் என்று அடிக்கும். பழைய வண்டிகளுக்கு இது இருமல் மாதிரி சகஜம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான் அந்த இடைவெளியைச் சரிசெய்ய முடியும். வண்டியை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்த்தார்.

நிறுத்திய வண்டியிலிருந்தும் டிக்... டிக்... என்று வந்துகொண்டிருந்தது.

அதை அவர் சட்டை செய்யவில்லை. சூடான இரும்பு ஆறும்போது அப்படி முனகும். எந்த மெக்கானிக்கும் திரும்பிப் பார்க்கமாட்டான். பக்கத்து லேத் பட்டறையில் வேறு கர்ரென்று இரும்பைக் கடைந்துகொண்டிருந்தார்கள். விட்டுவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது என்று பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டார்.

பத்தே முக்காலுக்கு மூடியைக் கழற்றி எட்டு இடைவெளியையும் சரிசெய்தார். மூன்று தளர்ந்துதான் இருந்தன. பதினொன்று இருபதுக்கு ஸ்டார்ட் செய்தார். என்ஜின் பஞ்சு மாதிரி ஓடியது.

டிக்... டிக்... டிக்...

சரி, சைலன்சர் பக்கம் புகை கசிகிறதோ என்று பேக்கிங்கை மாற்றினார். பெட்ரோல் பம்பைக் கழற்றிப் பார்த்தார். ஃபேன் பெல்ட்டை எடுத்துவிட்டு ஓட்டினார். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒயரைப் பிடுங்கும்போதெல்லாம் என்ஜின் நொண்டியது. சத்தம் நொண்டவில்லை. திருப்புளியை என்ஜினில் ஓரிடம் விடாமல் வைத்துக் கேட்டார். எங்கேயும் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டே இருந்தது. சனியன் எங்கேதான் ஒளிந்திருக்கிறது என்று எரிச்சல் வந்தது அவருக்கு.

பன்னிரண்டு ஐம்பது. ஆக்சிலேட்டரை அழுத்தி ரேஸ் கொடுத்தார். என்ஜின் அலறியது. ஒர்க்‌ஷாப் தகரமெல்லாம் அதிர்ந்தது.

டிக்... டிக்... டிக்...

அதே வேகம். கொஞ்சமும் கூடவில்லை.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். என்ஜினில் பிறக்கிற எந்தச் சத்தமும் என்ஜின் வேகத்தோடு சேர்ந்துதான் ஓடும். ரேஸ் கொடுத்தால் டிக் டிக் என்பது டிகடிகடிக என்று ஆகவேண்டும். அப்படி ஆகவில்லை. சோலைராஜ் சாவியைத் திருப்பி அணைத்தார்.

சரியாக ஒரு மணி. லேத் பட்டறைக்காரர்கள் சாப்பாட்டுக்காக மிஷினை நிறுத்தினார்கள். ரோட்டிலும் வண்டி இல்லை. திடீரென்று எல்லாம் அமைதி.

டிக்... டிக்... டிக்...

பக்கத்துக் கடை ஜெபக்குமாரைக் கூப்பிட்டார். அவர்தான் நான் சொன்ன பேட்டரிக்காரர். சோலைராஜோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச்.

"ஏலே ஜெபா, இங்க வா. செத்த நேரம் பேசாம நில்லு. என்ன கேக்குது?"

ஜெபக்குமார் நின்றார். முகம் மாறியது.

"ஓடாத வண்டியில என்னலே சத்தம்?"

"அதான் ஒன்னக் கூப்பிட்டேன். கரண்டு எங்கயாவது ஒழுகுதான்னு பாரு."

ஜெபக்குமார் பேட்டரி ஒயர் இரண்டையும் கழற்றினார். பேட்டரியையே தூக்கி வெளியே வைத்தார். இப்போது அந்த வண்டியில் உயிரென்று எதுவும் இல்லை. பெட்ரோல் ஓடவில்லை. கரண்டு இல்லை. என்ஜின் ஆறிவிட்டது.

டிக்... டிக்... டிக்...

போனில் நேரம் வைத்து இருவரும் எண்ணினார்கள். ஒரு நிமிஷத்துக்கு எழுபத்து நாலு. மறுபடி எண்ணினார்கள். எழுபத்து நாலு.

ஒன்று இருபத்தைந்துக்குத் தாமோதருக்குப் போன் போட்டார்.

"தம்பி, இந்தச் சத்தம் என்னைக்கு ஆரம்பிச்சுது?"

"போன வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை அண்ணாச்சி. சாயங்காலம் மூணரை இருக்கும். நான் மதுரையில இருந்தேன். அம்மாதான் கேட்டிருக்காவ."

"யாரு வண்டிய ஓட்டினா?"

"யாரும் ஓட்டலையே. ஷெட்டுல சும்மாதான் நின்னுச்சு. பல்லி கத்துதுன்னு நெனச்சாவளாம்."

சோலைராஜ் போனை வைத்தார். விட்டுவிடலாம் என்றுதான் ஜெபக்குமார் சொன்னார். ஆனால் நாளைக்கு அந்த மனுஷர் வண்டியில் ஏறுவார். சத்தத்தைக் கேட்பார். பதறுவார். ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? எப்படியாவது இதை நிறுத்தியே தீரவேண்டும்.

பேட்டரியை மாட்டிக்கொண்டு, இரண்டு மணி முப்பது நிமிஷத்துக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பன்னிரண்டு கிலோமீட்டர். போய்விட்டுத் திரும்பினால் எங்கே ஆடுகிறது, எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். நல்ல பட்டப்பகல். மேற்கே மலை பளிச்சென்று தெரிந்தது. பயப்பட ஒன்றுமே இல்லை.

உட்கார்ந்ததும் சீட் சூடாக இருந்தது. வண்டி காலையிலிருந்து நிழலில்தான் நின்றது.

உள்ளே இருக்கிற கண்ணாடி உயரமான ஆளுக்கு ஏற்றபடி மேலே பார்த்திருந்தது. சோலைராஜ் குள்ளம். கீழே இறக்கிவைத்தார். மில் கேட்டைத் தாண்டும்போது பார்த்தார். கண்ணாடி மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ லூஸ் போல என்று முறுக்கிவைத்தார். இரண்டு கிலோமீட்டர் தாண்டிப் பார்த்தார்.

மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அவர் கண்ணாடியைத் தொடவில்லை.

வண்டிக்குள் ஒரு வாடை வந்தது. பெட்ரோல் இல்லை. ஆயில் இல்லை. டெட்டாலும் மருந்தும் கலந்த ஆஸ்பத்திரி வாடை. ஜன்னலை இறக்கினார். போகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது. அப்போது சத்தம் மெல்ல மெல்லத் தணிந்தது. நிற்கவில்லை. நிதானமாகியது. டிக்...... டிக்...... டிக்...... ஊருக்குள் நுழைந்ததும் வண்டி தன்னால் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. வீல் அலைன்மென்ட் என்று நினைத்து ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தார். இழுப்பு விடவில்லை. ஒரு தெரு முனையில் வந்து ஒரே இழுப்பு. பிரேக்கை அழுத்தி நிறுத்தினார்.

தெற்கு ரத வீதி. ஜகந்நாதனின் வீடு இருக்கிற தெரு.

ரிவர்ஸ் எடுத்து வண்டியைத் திருப்பினார். சத்தம் வேகம் பிடித்தது. டிக். டிக். டிக். டிக். ராஜபாளையம் வந்து சேர்கிறவரை அது தணியவே இல்லை.

மூன்று ஐம்பது. ஒர்க்‌ஷாப். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜெபக்குமார் தன் கடையை அப்படியே போட்டுவிட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

"திரும்பக் கொண்டுபோய் விட்டுருவோம் சோலை. எனக்கு என்னமோ நல்லாப் படல."

"சத்தம் இருக்காதுன்னு சொல்லிட்டேன்லே."

நாலு மணி ஐந்து நிமிஷம். திருப்புளியை எடுத்தார். இந்தத் தடவை என்ஜினில் வைக்கவில்லை. வண்டிக்கு உள்ளே வைத்தார். டேஷ்போர்டில் லேசாகக் கேட்டது. ஸ்டியரிங் தண்டில் கொஞ்சம் கூடக் கேட்டது. கியர் கம்பியில் இன்னும் கூட. கடைசியாக டிரைவர் சீட்டின் சாய்மானத்தில் வைத்தார். நெஞ்சு உயரத்தில்.

டிக். டிக். டிக்.

காதுக்குள்ளேயே அடித்தது.

"சீட்டுக்குள்ள இருக்கு" என்றார்.

"கைக்கடிகாரம் எதுவும் ஸ்பிரிங்குக்குள்ள விழுந்து கெடக்கும்லே" என்றார் ஜெபக்குமார். சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆமாம். அதுதானே. கடிகாரமாகத்தான் இருக்கும். பெரியவர் உட்கார்ந்த சீட்டில் பெரியவருடைய கடிகாரம். இருவரும் சிரிக்கக்கூடச் செய்தார்கள். சீட்டைக் கழற்றினால் முடிந்தது வேலை.

தரையில் நாலு போல்ட். முதல் போல்ட்டைத் திருகினார். சத்தம் வேகமானது.

இரண்டாவது. இன்னும் வேகம்.

"சோலை... வேணாம்லே."

மூன்றாவது. டிக்டிக்டிக்டிக்... எண்ண முடியவில்லை.

நாலு மணி நாற்பது நிமிஷம். நாலாவது போல்ட் கையோடு வந்தது.

ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். தூக்கினார்கள்.

அசையவில்லை.

குனிந்து பார்த்தார். போல்ட் எதுவும் இல்லை. எதிலும் மாட்டவில்லை. வெறும் சீட். ஒரு ஆள் தனியாகத் தூக்கிவிடலாம்.

மறுபடி பிடித்தார்கள். மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு சாண் எழும்பியது. என்ன கனம்... ஆள் உட்கார்ந்திருக்கிற சீட்டைத் தூக்குகிற கனம். மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. தூக்கும்போதும் அமுங்கியே இருந்தது.

டிக்டிக்டிக்டிக்டிக்டிக்...

இன்னொரு சாண்.

டிக்... டிக்...

இன்னும் கொஞ்சம்.

டிக்......

சட்டென்று கனம் போய்விட்டது. சீட் காற்று மாதிரி மேலே வந்தது. இருவரும் தடுமாறிப் பின்னால் விழுந்தார்கள்.

மெத்தை மெதுவாக நிமிர்ந்தது.

சத்தம் இல்லை.

சோலைராஜ் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி நாற்பத்திரண்டு நிமிஷம்.

சீட்டைக் குப்புறப் போட்டு, உறையைக் கிழித்து, ஸ்பிரிங் ஸ்பிரிங்காகத் தேடினார்கள். கடிகாரம் இல்லை. ஒரு குண்டூசி கூட இல்லை. ஆனால் சத்தம் நின்றுவிட்டது. திரும்ப மாட்டினார்கள், வரவில்லை. ஸ்டார்ட் செய்தார்கள், வரவில்லை. கண்ணாடியை இறக்கிவைத்தார், இறங்கியே இருந்தது. ஆஸ்பத்திரி வாடையும் போய்விட்டது. வெறும் பழைய ரெக்சின் வாடைதான் இருந்தது.

ஜெபக்குமார் சிலுவை போட்டுக்கொண்டார். சோலைராஜுக்கு அவ்வளவு சந்தோஷம். என்னமோ ஒன்று இருந்தது, போய்விட்டது. இனி அந்த மனுஷர் நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். வாக்கைக் காப்பாற்றியாகிவிட்டது. அன்றைக்கு முதல் டீயைக் குடித்தார். நாலு ஐம்பத்தைந்துக்குத் தாமோதருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. ஐந்தரைக்குப் போட்டார். எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கு வழக்கில் அலைகிறான் போல என்று நினைத்துக்கொண்டு, கிழித்த உறையைத் தைக்கக் கொடுத்து வாங்கி மாட்டினார். சீட்டைத் துடைத்தார். டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை எடுத்தார்.

ஏழு நாற்பதுக்குக் கிளம்பினார். வண்டி எங்கேயும் இழுக்கவில்லை. அவர் திருப்பிய பக்கம் திரும்பியது. மற்ற எந்த வண்டியையும் போல.

தெற்கு ரத வீதி. எட்டு மணி ஐந்து நிமிஷம்.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஆட்கள் நின்றார்கள். ஒரு ஆம்புலன்ஸ் பின்கதவைத் திறந்துபோட்டபடி நின்றது.

சோலைராஜ் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு இறங்கி நடந்தார். வாசல் அறையில் ஜகந்நாதனின் மனைவி கோதைநாயகி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் ஜனனி. ஆஸ்பத்திரியில் அப்பாவோடு கூட இருந்தவள் அவள்தான். யாரோ கேட்டிருக்க வேண்டும். அவள் அழுகையை அடக்கி அடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் இருந்தாவ. அந்த வெள்ளிக்கிழமை மூணரைக்கு நெஞ்சுல இரும்பு வால்வு வச்சாங்கல்ல... அதுலருந்து டிக் டிக்குன்னு வெளியவே கேக்கும். ஃபேன ஆஃப் பண்ணினா ரூம் பூரா கேக்கும். பயப்படாதீங்க, அது அடிக்கத வரைக்கும் அப்பா நல்லாருக்காருன்னு அர்த்தம்னு நர்சு சொல்லுவா. நான் ராத்திரியெல்லாம் அதையே கேட்டுக்கிட்டுக் கெடப்பேன்."

மூக்கைச் சிந்தினாள்.

"இன்னைக்கும் சாயங்காலம் வரைக்கும் பேசிட்டுத்தான் இருந்தாவ. நாலு நாப்பதுக்குத் திடீர்னு கட்டில் கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சாவ. கண்ணு அப்படியே நிலைகுத்திருச்சு. 'ரெண்டு பேரு என்னைச் சீட்டோட தூக்குதாங்கம்மா, எறக்கச் சொல்லு, எறக்கச் சொல்லு'ன்னாவ. நான் சுத்திப் பாக்கேன், ரூம்ல என்னத் தவிர யாருமே இல்ல. டிக்டிக்டிக்னு அடிச்சுது. பொறவு நாலு நாப்பத்திரெண்டுக்கு நின்னுருச்சு."

சோலைராஜ் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார்.

தாமோதர் அப்போதுதான் அவரைப் பார்த்தான். எழுந்து வந்து சாவியை வாங்கிக்கொண்டான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதாவது கேட்கவேண்டுமே என்பதற்காகக் கேட்டான்.

"என்ன சத்தம்னு தெரிஞ்சுதா அண்ணாச்சி?"

சோலைராஜ் இல்லை என்று தலையாட்டினார்.